சொந்தக் காரில் நீல விளக்கு: சிவப்பு சிக்னலைத் தாண்டலாமா?

கேள்வி (2025 நவம்பர் 3)

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்திருக்கிறோம். இங்குள்ள தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டேன். காருக்கு நீல விளக்கு வாங்க வேண்டும். விளக்கு எரிந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்கியே தீர வேண்டும், சிவப்பு சிக்னலிலும் இருபக்கமும் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்கிறார்கள். சரிதானா? எத்தனை விளக்கு போடலாம்? எந்த மாதிரி வாங்கலாம்?

நவம்பர் 3, இரவு

தாண்டக் கூடாது. அப்படிச் சொன்னவர்கள் படைத்தலைவரின் வண்டியையும் சாதாரண உறுப்பினரின் வண்டியையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நியூயார்க்கின் வாகனப் போக்குவரத்துச் சட்டம், 375ஆம் பிரிவு, 41ஆம் உட்பிரிவு. தன்னார்வத் தீயணைப்பு வீரருக்கு நீலம், தன்னார்வ ஆம்புலன்ஸ் உறுப்பினருக்குப் பச்சை. அந்த உட்பிரிவு தருவது விளக்கை எரிக்கும் அனுமதி மட்டும். சிவப்பு சிக்னலில் வேகம் குறைத்துக் கடப்பது, வேக வரம்பை மீறுவது போன்ற சலுகைகள் 1104ஆம் பிரிவில் இருக்கின்றன; அவை ‘அங்கீகரிக்கப்பட்ட அவசர வாகனங்களுக்கு’ உரியவை. நீல விளக்கு வைத்த சொந்தக் கார் அந்தப் பட்டியலில் வராது. தலைவருக்கும் துணைத் தலைவர்களுக்கும் சிவப்பு விளக்கும் சைரனும் உண்டு, அது தனிக் கணக்கு. உங்களுக்குச் சைரன் கிடையாது.

ஆகவே நீல விளக்கு எரியும்போதும் நீங்கள் சாதாரண ஓட்டுநர்தான். நிறுத்தப் பலகையில் நிற்க வேண்டும். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு போட்டு நின்றால் நிற்க வேண்டும். மஞ்சள் கோட்டைத் தாண்டி முந்தக் கூடாது. மற்றவர்கள் ஒதுங்குவது அவர்கள் காட்டும் மரியாதை. ஒதுங்காதவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதனால்தான் இதற்கு ‘மரியாதை விளக்கு’ என்றே பெயர்.

எத்தனை? இரண்டு வரை போடலாம்.

நவம்பர் 4, காலை

நேற்று எழுதிய கடைசி வரியை அடித்துவிடுங்கள். இரண்டு என்பது பென்சில்வேனியா. நியூயார்க் சட்டம் சொல்வது ‘ஒரு நீல விளக்கு’. கிரில்லில் நாலு, கண்ணாடியில் இரண்டு, பின்னால் ஒரு பட்டை என்று போட்டுத் திரிகிறவர்கள் உண்டு. போலீஸ்காரர் அபராதச் சீட்டு எழுதுகிற நாள் வரைதான் அந்த அலங்காரம்.

அதே உட்பிரிவில் பலரும் படிக்காமல் விடுகிற சங்கதி: விளக்கைப் போடப் படைத்தலைவரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். கொடுத்தவரோ அவருக்குப் பின் பதவிக்கு வந்தவரோ எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். வாய்வார்த்தை போதாது. காகிதத்தை காரிலேயே வையுங்கள்.

வண்டி உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தாரின் வண்டி, நீங்கள் பங்குதாரராக இருக்கும் அல்லது வேலை செய்யும் நிறுவனத்தின் வண்டி, இவற்றிலும் பொருத்தலாம். ஆனால் எரிக்கும் உரிமை உங்களுக்கு மட்டும். மனைவி கடைக்குப் போகும்போது அது வெறும் கண்ணாடிப் பெட்டி. படையிலிருந்து ‘வரவேண்டாம்’ என்று வானொலியில் சொல்லிவிட்டால் அந்த நொடியே உங்களுக்கும் அப்படித்தான்.

நவம்பர் 4, மாலை

விளக்கைப் பற்றி.

கண்ணாடிக்குள் டேஷ்போர்டு மேல் வைக்கும் எல்இடி விளக்கு போதும். முதலில் பார்க்க வேண்டியது விலையையோ எத்தனை டயோடு என்பதையோ அல்ல, எந்தத் தரத்துக்குச் சோதித்தது என்பதை. ஒரு திசையில் அடிக்கும் விளக்குக்கு எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே595, சுற்றிலும் தெரியும் விளக்குக்கு எஸ்ஏஇ ஜே845. அதிலும் வகுப்பு 1 என்று அச்சிட்டிருக்க வேண்டும். வகுப்பு 2, 3 என்றால் வெளிச்சம் படிப்படியாகக் குறைவு. பகல் வெயிலில் காணாமல் போகும். எதுவுமே அச்சிடாமல் ‘மிகப் பிரகாசம்’ என்று மட்டும் போட்டு விற்பதைத் தொட வேண்டாம்.

அடுத்தது மறைப்பு. விளக்குக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே கறுப்பு ரப்பர் ஓரம் கண்ணாடியோடு ஒட்டியபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மின்னலும் கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். மழை இரவில் அரை மணி நேரம் அப்படி ஓட்டினால் எதிரே வருகிறவருக்கு முன் நீங்கள் குருடாவீர்கள். சூரிய மறைப்புப் பலகையில் மாட்டும் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் நடுக் கண்ணாடிக்குப் பின்னால் லேன் பார்க்கும் கேமரா இருக்கும் கார்களில் அதன் கண் முன்னே விளக்கு வரக் கூடாது. பயணி பக்க ஏர்பேக் மூடிமேல் எதையும் திருகவும் கூடாது, ஒட்டவும் கூடாது. வெடித்தால் விளக்கு உங்கள் பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கு வரும்.

உறிஞ்சு கிண்ணத்தை நம்பாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் ரப்பர் விறைத்து அவசர அழைப்பு வரும் நேரமாகப் பார்த்துக் கழன்று விழும். உலோகத் தாங்கியில் திருகி வைப்பதே நல்லது. கூரைமேல் காந்தத்தில் வைப்பது இன்னும் சுலபம்.

நவம்பர் 5

காந்தம் பற்றி எழுதியதும் ஒருவர் வந்து கேட்டார்: “என் ஃபோர்டு எஃப்-150 கூரையில் ஒட்டவில்லையே?” ஒட்டாது. 2015 மாடலிலிருந்து அதன் உடல் அலுமினியம். பெரிய கண்ணாடிக் கூரை வைத்த வண்டிகளிலும் இதே கதை. இரும்புக் கூரையிலும் மெழுகு போட்டு மினுக்கியிருந்தால் நெடுஞ்சாலைக் காற்றில் விளக்கு நகரும்; ஒயர் கதவு இடுக்கில் நசுங்கும். ‘இன்னும் சுலபம்’ என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நவம்பர் 7

ஒயரிங் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது தவறல்ல. டேஷ்போர்டு எல்இடி சுமார் 2 ஆம்பியர்தான் இழுக்கும். பழைய 55 வாட் ஹாலஜன் சுழல் விளக்கென்றால் 4 ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டையுமே அந்தத் துளை தாங்கும். பிரச்சினை கரண்டில் இல்லை, பிளக்கில். குண்டும் குழியுமான சாலையில் பிளக் மெல்ல வெளியே நகர்ந்து லூஸ் கான்டாக்ட் ஆகும். விளக்கு தன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு எரியும். பிளக்கின் முனையைத் திருகினால் உள்ளே ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். விளக்கு செத்துவிட்டது என்று புதிது வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

நேரடியாக இழுப்பதென்றால்: பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒயர், 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ், அதன் பிறகே மற்றதெல்லாம். ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்கு அல்ல, ஒயரைக் காப்பதற்கு. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உரசிக் கிழியும் ஒயரை எதுவும் காப்பாற்றாது. எனவே அந்த நீளம் குறைவாக இருக்க வேண்டும். 2 ஆம்பியர் விளக்குக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், 16 கேஜ் ஒயர் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்), யதேஷ்டம். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை நுழைக்காதீர்கள். எர்த் அடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வளைய முனை வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். உப்பு தூவும் ஊர்களில் முதலில் அழுகுவது எர்த்தான்.

கூரைப் பட்டை விளக்கு போடும் மாநிலத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு. விளக்கு 12 ஆம்பியர், ஒயர் போக 5 மீட்டர், வர 5 மீட்டர். 16 கேஜ் ஒயர் மீட்டருக்கு 0.013 ஓம், மொத்தம் 0.13, பெருக்கினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். 10 கேஜ் போட்டால் 0.4 வோல்ட்டோடு நிற்கும். சுவிட்ச் வழியாக 12 ஆம்பியரை ஓட்டாமல் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள்.

நவம்பர் 7, பிறகு

மறந்துவிட்டேன். சுவிட்ச் லைனை இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் ஃபியூஸிலிருந்து எடுங்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் 2 ஆம்பியர் விளக்கை மறந்துபோய் எரிய விட்டால் 15 மணி நேரத்தில் பாதி காலி. ஜனவரிக் குளிரில் அந்தப் பாதியே இன்ஜினைக் கிளப்பாது. சில கார்களில் லைட்டர் துளை சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 9

“விளக்கைப் போட்டதும் பேஜர் (படையின் அழைப்பைச் சொல்லும் சிறு ரேடியோ) கரகரக்கிறது, சில அழைப்புகள் காதில் விழவே இல்லை.”

இது மலிவு எல்இடி விளக்கின் பிறவிக் குணம். உள்ளே கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுற்று 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கொட்டும். படையின் பேஜர் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் கேட்கிறது. சோதிப்பது சுலபம். பேஜரை எப்போதும் ஒலிக்கும் நிலையில் வைத்து விளக்கைப் போட்டு அணையுங்கள். இரைச்சல் விளக்கின் தாளத்துக்கே துடித்தால் குற்றவாளி அதுதான். ஒயரில் விளக்குக்கு ஒட்டினாற்போல் ஃபெரைட் வளையம் (இரைச்சலை விழுங்கும் காந்தப்பொருள்) மாட்டி, அதில் ஒயரை மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். ஆன்டெனா ஒயரையும் விளக்கு ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். அப்படியும் போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அழைப்பைக் கேட்கவிடாத அவசர விளக்கு எதற்கு?

நவம்பர் 12

முதல் நாள் பதிலில் ‘ஒதுங்காதவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை’ என்று பொதுவாகச் சொன்னது நியூ ஜெர்சியில் செல்லாது என்று ஒருவர் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி.

நியூ ஜெர்சியிலும் நீலம்தான், மாநில வாகன ஆணையம் தரும் அடையாள அட்டை வேண்டும். அங்கே சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. விளக்கு எரிக்கும் தன்னார்வலருக்கு எந்தச் சலுகையும் இல்லை, சிக்னல் உட்பட எல்லா விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். ஆனால் மற்ற ஓட்டுநர்கள், அவசர வாகனத்துக்கு விடுவது போலவே அவருக்கும் வழி விட வேண்டும். அதாவது எதிரே வருபவர் விலகுவது கடமை. அவர் விலகாவிட்டாலும் நீங்கள் போகக் கூடாது.

பென்சில்வேனியா: ஒருவருக்கு ஒரு வண்டி, அதில் நீல விளக்கு இரண்டுக்கு மேல் கூடாது. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே போடவும் அணைக்கவும் முடிய வேண்டும். பெயர்ப் பட்டியலில் தலைவர் கையெழுத்திட்டு அருகிலுள்ள மாநிலப் போலீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். படையிலிருந்து விலகினால் கழற்றிவிட வேண்டும். இதே பிரிவில் மனிதர்களை மோப்பம் பிடித்துத் தேடும் நாய்களின் சொந்தக்காரர்களுக்கும் நீல விளக்கு உண்டு. நாய்க்கு அல்ல, சொந்தக்காரருக்கு. நான் இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டேன்.

ஃபுளோரிடா: சிவப்பு, இரண்டுக்கு மேல் கூடாது, லென்ஸ்மேல் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது, விளக்கு எரியும்போதெல்லாம் அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். அங்கே நீலம் போலீசுக்கு மட்டும்.

நவம்பர் 13

கடைசி வாக்கியம்தான் பலருக்கு ஆபத்து. நிறத்துக்கு அர்த்தம் மாநில எல்லை வரைதான். நியூயார்க்கில் நீல விளக்கோடு புறப்பட்டுக் கிழக்கே வெர்மான்ட்டுக்கோ மாசசூசெட்ஸுக்கோ போனால் அங்கே நீலம் போலீஸ் நிறம். எரித்தால் தீயணைப்பு வீரர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், போலீஸ் வேஷம் போடுகிறவர் என்றே நினைப்பார்கள். விடுமுறைக்கு எல்லை தாண்டும்போது கழற்றி டிக்கியில் போடுங்கள். திருகி வைத்ததென்றால் பிளக்கை உருவி மேலே கறுப்புத் துணி உறை.

பச்சையின் பிழைப்பு இன்னும் பரிதாபம். நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் அது ஆம்புலன்ஸ் தன்னார்வலர். பிரிட்டனில் மருத்துவர். ஒஹாயோவிலும் மிச்சிகனிலும் பனி அள்ளும் லாரி. நயாகரா பாலத்தைத் தாண்டி ஆன்டாரியோவுக்குள் போனால் பச்சைதான் தன்னார்வத் தீயணைப்பு வீரர். அங்கே பனி அள்ளும் லாரிக்கு நீலம்! நியூயார்க்காரர் நீல விளக்கோடு அந்தப் பக்கம் போனால் பின்னால் வருகிறவர் ‘எங்கே உப்பு?’ என்று பார்ப்பார்.

நம் ஊரில் சுழல் விளக்கு என்றாலே பதவி என்ற காலம் ஒன்று இருந்தது. 2017 மே 1 முதல் அமைச்சர் கார்களிலிருந்தும் அது இறங்கிவிட்டது. விளக்கை மரியாதைச் சின்னமாகப் பார்க்கும் கண் மட்டும் நம்மில் சிலரோடு விமானம் ஏறி வந்திருக்கிறது.

நவம்பர் 16

ஆன்டாரியோவின் ஏஜாக்ஸிலிருந்து கேள்வி: “கோடையில் வடக்கே ஏரிப்பக்கம் போகும்போது பின்னால் பச்சை மின்னுகிறது. என்ன செய்வது?”

சட்டப்படி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆன்டாரியோ நெடுஞ்சாலைச் சட்டத்தில் பச்சை விளக்கு ஒரு வேண்டுகோள். செய்ய நினைத்தால் இப்படிச் செய்யுங்கள்: வலது சிக்னல் போடுங்கள், காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள், சாலை நேராகவும் ஓரம் அகலமாகவும் இருக்கும் இடம் வந்ததும் வலப்பக்கம் ஒட்டுங்கள். அவர் கோடு அனுமதித்தால் முந்துவார். பிரேக்கை மிதிக்காதீர்கள், வளைவிலும் மேட்டின் உச்சியிலும் நிற்காதீர்கள், சிக்னலில் நிற்கும்போது வழி விடுகிறேன் என்று சந்திப்புக்குள் நகராதீர்கள். சிவப்பு விளக்கும் சைரனுமாகத் தீயணைப்பு வண்டி வந்தால் அது வேறு. வலப்பக்கம் ஒதுங்கி முழுதாக நிற்க வேண்டும். அது போன பிறகு அதன் பின்னால் 150 மீட்டருக்குள் தொடரவும் கூடாது.

இதை மறுபக்கத்திலிருந்து யோசித்தால் விளக்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது. சிவப்பு சிக்னலில் நிற்கும் காரின் பின்னால் போய் நின்று நீலத்தையோ பச்சையையோ மின்ன விட்டால் முன்னால் இருப்பவர் பதறுவார். பதறினால் சந்திப்புக்குள் நகர்வார். குறுக்கே வரும் லாரிக்கு அவர் பதற்றம் தெரியாது. ஆகவே சிக்னலில் நிற்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள், பச்சை விழுந்து நகர்ந்ததும் போடுங்கள். ஒருவர் பின்னால் முப்பது நொடிக்கு மேல் ஒட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் அவருக்கு ஒதுங்க இடமில்லை அல்லது மனமில்லை; இரண்டுக்கும் அணைப்பதுதான் மருந்து.

நவம்பர் 17

“அப்படியானால் வேகமாகப் போக முடியாமல் இழக்கும் நேரம்?”

வீட்டிலிருந்து நிலையம் 5 கிலோமீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 60-இல் 5 நிமிடம். 80-இல் 3 நிமிடம் 45 நொடி. மிச்சம் 75 நொடி. போய்ச் சேர்ந்து பூட்ஸ், கால்சட்டை, கோட்டு மாட்டுவதற்குள் அது கரையும்; தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர் இன்னும் வரவில்லை என்றால் வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். நேரம் மிச்சப்படுவது சாலையில் இல்லை. காரை முகம் வெளியே பார்க்க நிறுத்துவது, சாவி, காலணி, கண்ணாடி ஒரே இடத்தில் இருப்பது, பனி நாளில் முன்கண்ணாடிக்கு முந்தைய இரவே மறைப்பு போடுவது, இவற்றில்தான் ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்கும்.

நவம்பர் 21

ஜெர்மனியில் எப்படி என்று கேட்டிருந்தார்கள். அங்கே தன்னார்வலர்தான் தீயணைப்பின் முதுகெலும்பு, ஆனாலும் சொந்தக் காருக்கு நீல விளக்கு இல்லை. மின்னாத ஒரு கூரைப் பலகை வைத்துக்கொள்ளலாம். அது யாரையும் விலகச் சொல்லாது. சாலை விதித் தொகுப்பில் 35ஆம் பிரிவு விதிகளிலிருந்து விலக்கு, 38ஆம் பிரிவு பிறர் வழிவிட வேண்டிய கடமை. இரண்டாவதற்கு நீல விளக்கும் ஒலியும் சேர்ந்து வேண்டும் என்பதால் சொந்தக் காருக்கு அது எட்டாது. முதலாவது சொந்தக் காருக்குப் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனிலும் அழைப்பில் வரும் வீரர்கள் விளக்கில்லாமல்தான் வருகிறார்கள். நிலையத்திலிருந்து சில நிமிடத் தொலைவில் வசிப்பவர்களைத்தான் சேர்க்கிறார்கள். யோசித்தால் அது விளக்கைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

நவம்பர் 24

விளக்கு வழிவிடச் சொல்லும் என்பதையே பேசிக்கொண்டிருந்தோம். அது நிற்கும்போதும் வேலை செய்கிறது. நியூயார்க்கில் ஓரம் நிற்கும் அவசர வாகனத்துக்கு லேன் மாறி இடம் கொடுக்கும் சட்டம் 2016 நவம்பர் முதல் நீல, பச்சை விளக்கு வண்டிகளுக்கும் உண்டு. 2024 மார்ச்சிலிருந்து ஓரத்தில் நிற்கும் எந்த வண்டிக்கும். ஆக, ஓடும்போது இல்லாத உரிமை நிற்கும்போது இருக்கிறது.

அதற்காக விபத்து இடத்தில் எல்லாரும் விளக்கைப் போட்டுவிட்டு நிற்காதீர்கள். இரவில் நம் கண் நீலத்துக்குக் கூடுதலாகக் கூசும். ஆறு கார் ஆறு தாளத்தில் மின்னினால் நடுவே கறுப்புக் கோட்டோடு நடக்கும் மனிதரை யாரும் பார்க்க மாட்டார்கள். வரும் வண்டிகளைப் பார்த்தபடி இருக்கும் ஒரு விளக்கு போதும். பெரிய தீயணைப்பு வண்டி வந்து மறைத்து நின்றதும் உங்களுடையதை அணைத்து, காரையும் அப்பால் எடுங்கள். விளக்கில் இரவு நிலை இருந்தால் குறைத்து, மெதுவான மின்னலில் வையுங்கள். வேக மின்னலில் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது புரியாது.

நவம்பர் 24, இரவு

காப்பீடு கேட்டவருக்கு: அழைப்புக்குப் போகும் வழியில் உங்களுக்குக் காயம் என்றால் நியூயார்க்கில் தன்னார்வத் தீயணைப்பு வீரர் நலச் சட்டம் இருக்கிறது. நீங்கள் இடித்த காருக்குப் பணம் கொடுப்பது பொதுவாக உங்கள் சொந்த வாகனக் காப்பீடு. அந்த நிறுவனத்துக்கு விளக்கு பொருத்தியதை முன்பே எழுதித் தெரிவித்து, பதிலைத் தலைவரின் அனுமதிக் காகிதத்தோடு சேர்த்து வையுங்கள். விபத்துக்குப் பிறகு முதல் கேள்வி விளக்கு எரிந்ததா என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வி, சிக்னல் என்ன நிறம்.

நவம்பர் 30

முதலில் கேட்டவர் விளக்கு வாங்கிவிட்டாராம். ஜே595, வகுப்பு 1, ஒன்றே ஒன்று. பின் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருப்பதால் பின்னாலும் ஒன்று வைத்தால் தெரியுமா என்று கேட்கிறார்.

தெரியாது. தெரிந்தாலும் அது இரண்டாவது விளக்கு.